செக்கு எண்ணெய்த் தொழிலைப் பெரிதாக்க: விற்பனைக்கு ஆள் எடுப்பதா, ஒத்த எண்ணம் உள்ளவர்களைச் சேர்ப்பதா?

#1 வாகைச்செக்கு

எல்லாருக்கும் வணக்கமுங்க. காங்கேயம் பக்கத்தில் மரச்செக்கு எண்ணெய் ஆட்டி விற்கிறேன். கடலை, எள், தேங்காய் மூன்றும் உண்டு. வாகை மரச் செக்கு இரண்டு, மோட்டாரில் ஓடுகின்றன. வாங்குபவர்கள் பெரும்பாலும் திருப்பூர், கோவை அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இருப்பவர்கள். இப்போது கோவையில் இன்னொரு இடம் போடலாம் என்று யோசனை.

பணத்துக்கு வழி இருக்கிறது. சிக்கல் ஆட்களில்தான். பணம் போட முன்வந்திருக்கும் உறவினர், "விற்பனைக்கு நாலு பையன்களை எடு, இன்ஸ்டாவில் பேசுகிறவர்களைப் பிடி, முதல் மூன்று மாதம் தள்ளுபடி போடு" என்கிறார். எனக்கு அது ஒட்டவில்லை. ஊர்க்காரர்களிடம் வாங்கிய விதையை, எதையும் கலக்காமல் ஆட்டிக் கொடுக்க வேண்டும் என்றுதான் இந்தத் தொழிலுக்கே வந்தேன்.

போன வருடம் ஒரு மொத்த வியாபாரி வந்தார். கடலை எண்ணெயில் கொஞ்சம் பாமாயிலைச் சேர்த்துக் கொடுத்தால் மாதாமாதம் டின் கணக்கில் எடுத்துக்கொள்கிறேன் என்றார். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். செக்கில் நின்றிருந்த எங்கள் ஆள் அப்புறம் சொன்னார்: "நீங்கள் சரி என்று சொல்லியிருந்தால் நாளையிலிருந்து நான் வந்திருக்க மாட்டேன்." அவர் முதலில் எண்ணெய் வாங்க வந்தவர். ஆட்டுவதைப் பார்த்துக்கொண்டே நிற்பார், பிறகு அவராகவே வேலை கேட்டுச் சேர்ந்தார். அப்படிப்பட்டவர்கள் எனக்கு இன்னும் பத்துப் பேர் வேண்டும். எங்கே தேடுவது? விளம்பரம் போட்டால் கிடைப்பார்களா? இல்லை, இதெல்லாம் என் ஆசைதானா?

கூடுதல் விவரம்: கோவை இடத்தில் கூலி ஆட்டு (அவரவர் கொண்டுவரும் விதையைக் கூலிக்கு ஆட்டிக் கொடுப்பது) வைக்கப் போவதில்லை. நேரத்தைத் தின்கிறது, காசும் பெரிதாக இல்லை. பாட்டில் விற்பனை மட்டும்.

#2 கணக்கர்_ஈரோடு

ஆசைதான் என்று சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். பல வருடமாகச் சிறு தொழில்களுக்குக் கணக்குப் பார்க்கிறேன். "எங்கள் நோக்கத்தைப் புரிந்தவர்கள்தான் வேண்டும்" என்று ஆரம்பிக்கிற முதலாளிகளைப் பார்த்தால் முதலில் அவர்களுடைய சம்பளப் பட்டியலைத்தான் கேட்பேன். அங்கே தெரிந்துவிடும்.

உங்கள் சரக்கின் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்குச் சுமார் இரண்டரைக் கிலோ பருப்பு வேண்டும். பருப்பு கிலோ 110 என்று வைத்தால் பருப்புக்கே 275. புண்ணாக்கு விற்றால் 60, 65 திரும்பும். கரண்ட், கூலி, பாட்டில், வாடகை, வண்டி எல்லாம் சேர்த்தால் நீங்கள் 300க்குக் கீழே விற்கவே முடியாது. சந்தையில் அதைவிட வெகு மலிவாகச் சுத்திகரித்த எண்ணெய் கிடைக்கும்போது, உங்கள் எண்ணெயை வாங்குகிறவர் ஏற்கெனவே உங்கள் நோக்கத்தில் பாதியை ஏற்றுக்கொண்டவர்தான். அதனால் வாடிக்கையாளர் பக்கம் நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. வேலை செய்கிறவருக்கு மட்டும் எதற்கு அந்தச் சோதனை? நல்ல சம்பளம், வார விடுமுறை, பி.எஃப். கொடுங்கள். வருவார்கள், நிற்பார்கள்.

#3 கடைப்பையன்

கணக்கர் சொல்வதை அனுபவித்தவன் நான். பெயர் வேண்டாம், ஓர் இயற்கை அங்காடியில் இருந்தேன். சுவரெல்லாம் மண், மரபு, நஞ்சில்லா உணவு என்று எழுதியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்வார்கள், சேவை மனப்பான்மை வேண்டும் என்பார்கள். சம்பளம் பதினைந்தாம் தேதி வரும், சில மாதம் அதுவும் வராது. கேட்டால், "நீயும் மற்ற கடைப் பையன்கள் மாதிரி பேசுகிறாயே" என்று வருத்தப்படுவார்கள். அந்த வருத்தம்தான் தாங்காது. திட்டினாலாவது பதில் சொல்லிவிட்டுப் போகலாம்.

இன்றைக்கும் அந்த அரிசியைத்தான் வாங்கிச் சாப்பிடுகிறேன். நோக்கத்தில் எனக்குச் சண்டை இல்லை. இப்போது வேலை பார்ப்பது டயர் கடையில். அங்கே யாரும் என்னிடம் நோக்கம் பேசுவதில்லை, ஒன்றாம் தேதி சம்பளம் வந்துவிடும்.

#4 வைகைக்கரை

கடைப்பையன் தம்பி சொன்னது நியாயம். ஆனால் அதற்காக நோக்கமே வேண்டாம் என்று போய்விட வேண்டுமா? சொல்லில் மட்டும் நோக்கம் வைத்திருந்தவர்களிடம் அவர் மாட்டிக்கொண்டார். செயலில் வைத்திருந்த ஓர் இடம் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சொல்கிறேன். எனக்கும் மருத்துவத்துக்கும் சம்பந்தம் இல்லை. எங்கள் அரிமா சங்கத்தில் கண் முகாம் வேலைகளைப் பார்ப்பவன், அவ்வளவுதான்.

கதையின் தலைப்பகுதி பலருக்கும் தெரியும். டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியில் 58 வயதில் ஓய்வு பெற்று, 1976இல் 11 படுக்கைகளுடன் ஆரம்பித்தது. முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன மனிதர். அந்த விரல்களோடு அறுவை செய்யப் பழகிக்கொண்டவர். தங்கை டாக்டர் நாச்சியாரும் அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமியும் கூடவே நின்றார்கள். கட்டணம் கொடுப்பவர்களிடம் வரும் வருமானத்தில், கொடுக்க முடியாதவர்களுக்குச் செய்வது என்பது ஏற்பாடு. யார் எந்தப் பக்கம் போவது என்பதை நோயாளியே முடிவு செய்துகொள்ளலாம், வருமானச் சான்றிதழ் எல்லாம் கேட்பதில்லை.

வாகைச்செக்கு அண்ணனுக்குப் பயன்படுவது இதற்கு அடுத்த பகுதி. இலவசம் என்று சொன்னபிறகும் ஆரம்பத்தில் கிராமத்திலிருந்து நிறையப் பேர் அறுவைக்கு வரவில்லை. பஸ் கட்டணம் யார் கொடுப்பது, துணைக்கு வருகிறவரின் கூலி போகிறதே, சாப்பாட்டுக்கு என்ன செய்வது? காரணம் இவைதான். அதனால் முகாமிலிருந்தே பஸ்ஸில் அழைத்துப்போய், சாப்பாடு போட்டு, அறுவை முடித்து, திரும்பக் கொண்டுவந்து விடுகிற ஏற்பாடு வந்தது. முகாமை நடத்துவது யார்? உள்ளூர் ஆட்கள். அரிமா சங்கம், பள்ளிக்கூடம், கோயில் கமிட்டி, ஆலைக்காரர்கள். மைக் கட்டுவது, நோட்டீஸ் அடிப்பது, இடம் பிடிப்பது எல்லாம் எங்கள் செலவு. மருத்துவமனை, மருத்துவர்களையும் கருவிகளையும் கொண்டுவரும். எங்கள் சங்கத்தில் யாரும் அங்கே வேலை பார்க்கவில்லை, யாருக்கும் சம்பளம் இல்லை. ஆனாலும் அந்த மருத்துவமனையின் பாதி வேலை எங்களைப் போன்றவர்கள் தலையில்தான் நடக்கிறது. எங்களை யாரும் நோக்கம் பேசி இழுக்கவில்லை. செய்வதற்கு ஒரு குறிப்பிட்ட வேலையைக் கொடுத்தார்கள். கட்டு அவிழ்க்கிற அன்று பக்கத்து வீட்டுப் பாட்டி தடுமாறாமல் நடந்து வருவதைப் பார்த்தவன் அடுத்த வருட முகாமுக்குத் தானாகக் கை தூக்குவான்.

ஊழியர்களும் அப்படித்தான். அங்கே வேலையின் பெரும்பகுதியைச் சுமப்பது கிராமங்களிலிருந்து வந்த பெண்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களை எடுத்து இரண்டு வருடம் அவர்களே பயிற்சி கொடுக்கிறார்கள். பார்வை சோதிப்பது, அறுவை அரங்கில் உதவுவது, நோயாளிக்கு விளக்கிச் சொல்வது எல்லாம் அவர்கள் கையில். இப்படி வேலையைப் பிரித்ததால்தான் ஒரு மருத்துவர் நாள் முழுக்க அறுவையை மட்டும் பார்க்க முடிகிறது. வேலை தெரிந்தவரைப் பிடித்து நோக்கத்தைப் புகட்டப் பார்க்கவில்லை. கூட்டத்தில் தன் பாட்டியைப் பார்க்கக்கூடிய பெண்ணை எடுத்து வேலையைக் கற்றுக்கொடுத்தார்கள்.

புரை எடுத்த கண்ணுக்குள் வைக்கிற வில்லையைச் செய்ய 1992இல் ஆரோலேப் தொடங்கியதும் இந்த வழியில்தான். வெளிநாட்டு வில்லை அன்றைக்கு நூறு டாலர் அளவில் இருந்தது. இவர்கள் செய்து பத்து டாலர் அளவுக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு அமெரிக்காவிலிருந்து டேவிட் கிரீன் வந்து உழைத்தார். மதுரையில் நடந்துகொண்டிருந்த வேலைதான் அவரை இழுத்தது.

#5 கணக்கர்_ஈரோடு

வைகைக்கரை ஐயா, அரவிந்த் மேல் எனக்கும் மரியாதை உண்டு. என் அம்மாவுக்கு அங்கேதான் புரை எடுத்தது. ஆனால் முதல் வட்டம் முழுக்கக் குடும்பம் என்பதை லேசாகச் சொல்லிவிட்டுப் போகிறீர்கள். தங்கை, மைத்துனர் என்று வீட்டுக்குள்ளேயே மருத்துவர்கள் இருந்தார்கள். அந்த வசதி எல்லாருக்கும் இல்லை. தவிர, பயிற்சி முடித்த மருத்துவர்கள் தனியாருக்குப் போவதும் அங்கே உண்டு. நோக்கம் யாரையும் கட்டிப்போடவில்லை. வருடாவருடம் புதியவர்களைப் பயிற்றுவித்துக்கொண்டே இருப்பதால் அது தாங்குகிறது. வாகைச்செக்கு அதைத்தான் பார்க்க வேண்டும். ஆள் போனாலும் நிற்கிற தொழில் வேண்டும்.

#6 நாட்டுமருந்து

மரச்செக்கு எண்ணெய் கொழுப்பைக் கரைக்கும், மூட்டு வலி போகும், சர்க்கரை குறையும் என்று எங்கள் குழுவில் பலர் சொல்கிறார்கள். அதைப் பெரிதாகப் போட்டு விளம்பரம் செய்தாலே ஒத்த எண்ணம் உள்ளவர்கள் குவிந்துவிடுவார்கள். இதற்கு எதற்கு இத்தனை யோசனை?

#7 மட்டுறுத்துநர்

எண்ணெயும் உடல்நலமும் பற்றிப் பேச வேறு இழை இருக்கிறது, அங்கே போகவும். இங்கே தொழில் மட்டும்.

#8 வாகைச்செக்கு

நாட்டுமருந்து அண்ணா, நோய் தீரும் என்று நான் எழுதமாட்டேன். அப்படி எழுதி வருகிற கூட்டம் வேறு கூட்டம். மூட்டு வலி போகவில்லை என்று அடுத்த மாதம் பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவருவார்கள்.

கணக்கர் ஐயா, எங்கள் ஆட்களுக்கு ஒன்றாம் தேதி சம்பளம், ஞாயிறு லீவு. பி.எஃப். இன்னும் இல்லை, ஆள் எண்ணிக்கை குறைவு. வைகைக்கரை ஐயா சொன்ன முகாம் விஷயம் யோசிக்க வைக்கிறது. ஆனால் எண்ணெய்க்கு யார் முகாம் போடுவார்கள்?

#9 அப்பளம்_கல்லிடை

அண்ணே, நான் கல்லிடைக்குறிச்சி. அப்பளம் எங்களுக்குக் குலத்தொழில் மாதிரி. அதனால் அப்பளத்தையே சொல்கிறேன்.

லிஜ்ஜத் அப்பளம் ஆரம்பித்த கதையை வியாபாரம் செய்கிற எல்லாரும் ஒருதரம் தெரிந்துகொள்ள வேண்டும். 1959 மார்ச் 15, பம்பாய் கிர்காமில் ஏழு பெண்கள், 80 ரூபாய் கடன், மாடியில் உட்கார்ந்து இட்டார்கள். முதல் நாள் நாலு பாக்கெட். மழைக்காலத்தில் காயவைக்க வழியில்லாமல் முதல் வருடம் நாலு மாதம் வேலையையே நிறுத்தினார்கள். மறு வருடம் ஒரு கட்டிலும் ஸ்டவ்வும் வாங்கி, கட்டில் மேல் அப்பளம், கீழே அடுப்பு என்று சமாளித்தார்கள். அப்பளம் இட்டவர்களுக்கு இந்த இடம் சிரிப்பும் வரும், கண்ணும் கலங்கும்.

ஆரம்பத்தில் மலிவாக ஒரு தரம், நல்லதாக ஒரு தரம் என்று இரண்டு போட நினைத்தார்கள். அவர்களுக்கு வழிகாட்டிய சகன்லால் பாரேக் என்ற பெரியவர், ஒரே தரம்தான் போட வேண்டும், அதில் குறையே கூடாது என்று சொல்லிவிட்டார். நன்கொடை வாங்குவதில்லை என்றும் அந்தப் பெண்களே முடிவெடுத்தார்கள். நஷ்டம் வந்தாலும் கை நீட்டுவதில்லை. இன்றைக்கு அங்கே சுமார் 45,000 பெண்கள். அந்த ஏழு பேரில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட்டுக்கு 2021இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

கணக்கர் ஐயா கேட்ட கேள்விக்கு அங்கே பதில் இருக்கிறது. அந்தப் பெண்கள் கூலிக்காரர்கள் இல்லை, பங்குதாரர்கள். காலையில் மாவு வாங்கிப்போய் வீட்டில் இட்டு, மறுநாள் கொண்டுவந்து கொடுத்தால் அன்றைக்கே கையில் காசு. சேரும்போது உறுதிமொழி எழுதித் தர வேண்டும். வீட்டுக்கு வந்து, அப்பளம் இடச் சுத்தமான இடம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். "உங்கள் நோக்கம் என்ன" என்று யாரும் கேட்பதில்லை. தரையைத்தான் பார்க்கிறார்கள். தரையைச் சுத்தமாக வைத்திருப்பவள் அப்பளத்திலும் ஏமாற்றமாட்டாள் என்று கணக்கு. நோக்கத்தைப் பேச்சில் தேடினால் பேச்சுக்காரர்கள்தான் கிடைப்பார்கள்.

அப்புறம், நீங்கள் முதல் பதிவில் கடைசியாக ஒன்று போட்டீர்களே, கூலி ஆட்டு வேண்டாம் என்று. அதைப் படித்ததும் எனக்குத் திக்கென்றது. உங்கள் ஆள் எப்படி வந்தார்? ஆட்டுவதைப் பார்த்துக்கொண்டே நின்று வந்தார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கோவையில் பாட்டில் மட்டும் அடுக்கி வைத்தால் யார் வந்து எதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்?

#10 எள்ளுக்காடு

கல்லிடை அக்கா சொன்னதற்கு நூறு விருப்பம் போடலாம் என்றால் போட்டிருப்பேன். நான் சிவகிரிப் பக்கம், எள் போடுகிறவன். அறுவடை முடிந்து மூட்டையை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குக் கொண்டுபோகிறோம். வீட்டுக்கு என்று ஒரு பங்கை எடுத்து வைத்துச் செக்குக்குப் போவோம். எங்கள் எள், எங்கள் கண் முன்னால் கருப்பட்டி போட்டு ஆட்டி, எங்கள் தூக்கில் ஊற்றிக்கொண்டு வருவோம். புண்ணாக்கும் எங்களுக்கே, மாட்டுக்குப் போகும். அந்தச் செக்குக்காரர் சொன்னால் ஊரே கேட்கும். அடுத்த வருடம் அவருக்கு விதை வேண்டும் என்றால் முதலில் அவருக்குத்தான் கொடுப்போம், ஏலத்துக்கு அப்புறம்தான். எங்களிடம் கூலி வாங்கிக்கொண்டு ஆட்டுகிறவர் எங்களை ஏமாற்ற முடியாது, நாங்கள் பக்கத்திலேயே நிற்கிறோமே.

செக்குக்காரர்கள் இதை விட்டுவிட்டுப் பாட்டிலுக்குப் போனதும் எங்களுக்கும் அவர்களுக்கும் பேச்சு நின்றுபோகிறது. அப்புறம் தரகர் வழியாகத்தான் எள் போகிறது. யாருடைய எள் என்று செக்குக்காரருக்கும் தெரியாது.

#11 கணக்கர்_ஈரோடு

உணர்ச்சியாக இருக்கிறது, கணக்கும் பார்ப்போமே. ஓர் ஆட்டுக்கு விதையைப் பொறுத்து ஒரு மணி நேரம் போல ஆகும். வருகிறவர் ஐந்து கிலோ கொண்டுவந்தாலும் செக்கு அதே நேரம் ஓடும். எள் ஆட்டிய செக்கில் அடுத்தவர் கடலையைப் போட்டால் சுத்தம் செய்ய வேண்டும், அதற்கு ஒரு நேரம். கோவையில் வாடகை காங்கேயம் மாதிரி இல்லை. அடுக்குமாடியில் இருப்பவரிடம் எள்ளுக்கு எங்கே போவது? கூலி ஆட்டு விவசாயி உள்ள ஊருக்குச் சரி.

#12 பசிபிக்_கரை

நான் கலிபோர்னியாவில் இருக்கிறேன், மலையேற்றப் பைத்தியம். அதனால் மலையேறுகிறவர்களுக்கான உடைகளை விற்கும் படகோனியா நிறுவனத்தைப் பற்றி ஓரளவு தெரியும். இந்த இழையில் அது வரும் என்று எதிர்பார்த்தேன், யாரும் சொல்லவில்லை.

பொதுவாக எல்லாரும் சொல்வது, 2011இல் நியூயார்க் டைம்ஸில் "இந்தச் சட்டையை வாங்காதீர்கள்" என்ற பொருளில் தன் சரக்குக்கே எதிராக ஒரு பக்க விளம்பரம் போட்டதை. 2022இல் நிறுவனர் இவான் சூனார்ட் மொத்த நிறுவனத்தையும் ஓர் அறக்கட்டளைக்கும் சுற்றுச்சூழலுக்காக உழைக்கும் அமைப்புக்கும் எழுதிவைத்ததும் செய்தியானது. இரண்டும் பெரிய நிறுவனம் ஆன பிறகு செய்தவை. நமக்குப் பாடம் அதற்கு வெகு முன்னால் இருக்கிறது.

அவர் முதலில் விற்றது பாறையில் அடிக்கிற இரும்பு ஆணி. பாறை ஏறுகிறவர்கள் அதைச் சுத்தியலால் வெடிப்பில் அடித்து, கயிறு மாட்டி ஏறுவார்கள். அவருடைய வருமானத்தில் பெரும்பகுதி அதில்தான். அடித்துப் பிடுங்கி அடித்துப் பிடுங்கி கலிபோர்னியாவின் யோசமிட்டி பாறைகள் சிதைந்துபோவதை அவரே ஏறும்போது பார்த்தார். 1972 விலைப்பட்டியலில், ஆணியை விட்டுவிடுங்கள், கையால் செருகி எடுக்கிற அலுமினியக் கட்டைகளுக்கு மாறுங்கள் என்று பக்கம் பக்கமாகக் கட்டுரை போட்டார். தன் சோற்றுக்கு வழியாக இருந்த சரக்கையே வேண்டாம் என்றார். ஏறுகிறவர்கள் மாறினார்கள். அந்த நிறுவனத்தைத் தேடி ஆட்கள் வருவது அங்கிருந்துதான் ஆரம்பம் என்பது என் எண்ணம்.

இன்னொன்று, 1996இல் பருத்தி முழுவதையும் இயற்கை முறைப் பருத்திக்கு மாற்றினார்கள். ஊழியர்கள் எல்லாரும் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. விலை ஏறும், சரக்கு கிடைக்காது என்ற பயம். அவர்களை பஸ்ஸில் ஏற்றி சான் வாக்கின் பள்ளத்தாக்குப் பருத்திக் காடுகளுக்கு அழைத்துப் போனார்கள். மருந்து அடித்த காட்டையும் அடிக்காத காட்டையும் பக்கம் பக்கமாகக் காட்டினார்கள். கூட்டம் போட்டுப் பேசியதைவிட அது வேலை செய்தது. வாகைச்செக்கு அவர்களே, கோவை அடுக்குமாடிக்காரர்களை ஒரு ஞாயிறு எள்ளுக்காடு அவர்கள் வயலுக்குக் கூட்டிப்போனால் என்ன?

#13 கடைப்பையன்

படகோனியா பற்றி இவ்வளவு சொன்னவர் 1991ஐ விட்டுவிட்டாரே. வேகமாக வளர்ந்துபோய், விற்பனை நின்றதும் ஒரே நாளில் 120 பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். மொத்த ஊழியர்களில் ஐந்தில் ஒருவர். அவர்களும் நோக்கத்தை நம்பி வந்தவர்கள்தானே?

#14 பசிபிக்_கரை

உண்மை. விட்டது வேண்டுமென்றே இல்லை, நல்ல நினைவூட்டல். அதற்குப் பிறகு வருடத்துக்கு இவ்வளவுதான் வளர வேண்டும் என்று தாங்களே வேகத்தைக் குறைத்துக்கொண்டார்கள். இந்த இழைக்கு அதுதான் முக்கியம் என்று இப்போது தோன்றுகிறது. ஒத்த எண்ணம் உள்ளவர்கள் மெதுவாகத்தான் வருவார்கள். கடன் வாங்கி ஆறு மாதத்தில் ஊரெல்லாம் தெரிய வேண்டும் என்றால், அந்த வேகத்துக்குக் கிடைக்கிற ஆட்களைத்தான் எடுக்க முடியும்.

#15 வைகைக்கரை

கணக்கர் ஐயாவின் கூலி ஆட்டுக் கணக்குக்கு என் பதில்: முகாமுக்கும் அதே கணக்கைப் போடலாம். பஸ், டீசல், சாப்பாடு, மருத்துவர் நேரம், வரவு எதுவும் இல்லை. தனியாக எடுத்துப் பார்த்தால் நஷ்டம். ஆனால் கட்டணம் கொடுத்து வருகிற பலரும் ஏதோ ஒரு முகாமில் குணமான உறவுக்காரரைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். கூலி ஆட்டைச் செக்கு வருமானத்தில் எழுதாதீர்கள், விளம்பரச் செலவில் எழுதுங்கள். உறவினர் இன்ஸ்டா ஆட்களுக்குக் கொடுக்கச் சொன்ன தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

#16 கணக்கர்_ஈரோடு

விளம்பரச் செலவில் எழுதச் சொல்வது கெட்டிக்காரத்தனம்தான். ஒப்புக்கொள்கிறேன். எந்தத் தணிக்கையாளரும் அதை அங்கே எழுத விடமாட்டார், அது வேறு விஷயம்.

ஆனால் சம்பள விஷயத்தில் நான் இறங்கமாட்டேன். லிஜ்ஜத்தில் பங்கு கிடைக்கிறது, அரவிந்தில் படிப்பும் தொழிலும் கிடைக்கிறது. வாகைச்செக்கு தன் பத்துப் பேருக்கு என்ன கொடுக்கப் போகிறார் என்று இதுவரை எழுதவில்லை.

#17 வாகைச்செக்கு

எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேனுங்க.

கணக்கர் ஐயா கேட்டதற்கு முதலில் பதில். பங்கு கொடுக்க என் தொழில் இன்னும் அவ்வளவு பெரிதில்லை, குடும்பப் பெயரில் இருக்கிறது. வருட முடிவில் லாபத்தில் ஒரு பகுதியை ஆட்களுக்குப் பிரித்துக் கொடுப்பது என்று வைக்கலாம், கணக்கை அவர்கள் முன்னாலேயே பார்ப்பதாக இருந்தால். கோவைக் கடைக்கு ஆள் எடுக்கும்போது பி.எஃப். வசதியோடுதான் எடுப்பேன். இதை உறவினரிடம் நேற்றுப் பேசினேன், முகம் சுளித்தார். அவர் பணம் இல்லாமல் சிறிதாக ஆரம்பிக்க முடியுமா என்று பார்க்கிறேன். ஒரு செக்கு மட்டும் போதும்.

கூலி ஆட்டு பற்றி. காங்கேயத்தில் யார் யார் என் ஆட்களைக் கொண்டுவந்தார்கள் என்று உட்கார்ந்து யோசித்தேன். செக்கில் இருக்கிற மூன்று பேரில் இருவர் ஆட்ட வந்த வீட்டுப் பிள்ளைகள். விதை கொடுக்கிறவர்களில் முக்கால்வாசி ஆட்ட வந்தவர்கள்தான். இது என் கண் முன்னால் இருந்திருக்கிறது. அதனால் கோவையில் புதன், சனி இரண்டு நாள் கூலி ஆட்டு. குறைந்தது பத்துக் கிலோ, புதன் எள்ளும் தேங்காயும், சனி கடலை. கழுவுகிற வேலை குறையும். அடுக்குமாடிக்காரரிடம் விதை இல்லை என்றால் எங்கள் கடையிலேயே விதையை எடை போட்டு வாங்கி, பக்கத்தில் நின்று ஆட்டிக்கொண்டு போகலாம். விலை பாட்டிலைவிடக் கொஞ்சம் குறையும், புண்ணாக்கை எங்களிடமே விட்டுவிட்டால் இன்னும் குறையும். கணக்கர் ஐயா போட்ட அந்த 275 ரூபாய்க் கணக்கைப் பலகையில் எழுதி மாட்டப் போகிறேன். விதை விலை மாறும்போது பலகையையும் மாற்ற வேண்டும்.

ஆள் எடுக்கும் விளம்பரம் போடவில்லை. கல்லிடை அக்கா சொன்ன மாதிரி, வேலை கேட்டு வருகிறவரிடம் கேள்வி கேட்பதைவிட ஒரு வாரம் செக்கடியில் விடுவது. அந்த ஒரு வாரத்துக்கும் கூலி உண்டு, கடைப்பையன் தம்பி கவலைப்பட வேண்டாம்.

#18 கடைப்பையன்

கவலைப்படவில்லை. சனிக்கிழமை வந்து பார்க்கிறேன். வேலைக்கு இல்லை, எண்ணெய்க்கு.

#19 அப்பளம்_கல்லிடை

புண்ணாக்கை உங்களிடம் விட்டால் எவ்வளவு குறைப்பீர்கள் என்பதையும் பலகையில் எழுதுங்கள் அண்ணே. சண்டை வருவது அங்கேதான்.

#20 எள்ளுக்காடு

ஞாயிறு வயலுக்குக் கூட்டி வருவதாக இருந்தால் அறுத்துக் கட்டி நிறுத்தியிருக்கும்போது வாருங்கள், உதிர்க்கிற அன்றைக்கு. பச்சையாக நிற்கும்போது வந்தால் போட்டோதான் எடுப்பார்கள். இந்தப் போகத்துக்கு உங்களுக்கு எத்தனை மூட்டை வேண்டும் என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள். கறுப்பு எள்ளா, சிவப்பா என்பதையும். ஏலத்துக்குப் போகும் முன் ஒதுக்கி வைக்க வேண்டும்.

#21 வாகைச்செக்கு

சிவப்பு. விவரம் அனுப்பியிருக்கிறேனுங்க, பாருங்கள்.